எல்லைக்கல்லுக்கு அப்பால்

இளம்பரிதி எழுந்தான், பல் தேய்த்தான், தேநீர் குடித்தான், உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மாவட்ட எல்லைக்கல்லுக்கு நடந்தான். இந்த இங்கிலாந்துக் கிராமத்தில் சாலை உறையும் நாட்களில் பனிக்கட்டி உருக உப்புத் தூவ வரும் லாரி அந்தக் கல்லோடு திரும்பிவிடும். அப்பால் வேறு மாவட்டம். அவர்களுடைய லாரி மதியம்தான் வரும். போன மாதம் அவன் மனைவி மஞ்சரி காரோடு சறுக்கிச் செத்தது கல்லுக்கு அப்பால் இருக்கும் வளைவில்தான். அவன் கல்லிலிருந்து அந்த வளைவு வரைக்கும் உப்பை அள்ளித் தூவினான்.

நாயோடு வந்த ஊராட்சி உறுப்பினர் ஹில்டா நின்றார்.

“அது அவங்க ரோடுப்பா. சம்பளமில்லாம அவங்களுக்கு உழைக்கிறியா?” பிறகு குரலைத் தாழ்த்தினார். “அன்னைக்கு அவ ரோட்டப் பாக்காமலா கிளம்பினா?”

பார்த்தாள். ஜன்னல் திரையை விலக்கி, கண்ணுக்குத் தெரிந்தவரை, அந்த எல்லைக்கல் வரை, பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

“ரோடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ தூங்கு.”