சிப்பில் இல்லாத சொல்

சிவப்புப் பட்டனை அமுக்கியும் பெட்டி பேசவில்லை.

ஜெஸ்மி மறுபடி அமுக்கிப் பார்த்தாள். பச்சை, "ஆமா" என்றது. மஞ்சள், "வலிக்குது" என்றது. சிவப்பில் மட்டும் சத்தமே இல்லை. ஆனால் அதன் ரப்பர்தான் அதிகம் தேய்ந்திருந்தது.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்காக நாகர்கோவிலில் இந்தப் பெட்டிகளைச் செய்பவள் அவள். இது குளச்சல் வியாகுலம்மாளுடையது. அவருக்கு எழுத்து தெரியாது. எந்த நிறம் எதைச் சொல்லும் என்று மேசையிலிருந்த வேறொரு பெட்டியில் அமுக்கிக் காட்டிவிட்டு, நான்கு மாதத்துக்கு முன் இதைக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

கத்தாரிலிருந்து லீவில் வந்த மகன் கபிரியேல் இன்று அதைக் கொண்டுவந்திருந்தான். அம்மா வெளியே காரில். சிவப்பு என்ன சொல்லும் என்றே அவனுக்குத் தெரியாது. அம்மா ஓயாமல் அதையே அமுக்குவதால் போகிற வழியில் நிறுத்தியதாகச் சொன்னான்.

ஒயரில் பழுதில்லை. பெட்டியை இயக்க அசெம்பிளி மொழியில் தான் எழுதிய நிரலை ஜெஸ்மி கணினியில் திறந்தாள். அமுக்கிய பட்டனை ஒப்பிட்டு உரிய சொல்லுக்குத் தாவும் வரிகள் சரியாகவே இருந்தன. பிறகு சிப்புக்குள் இருப்பதை வாசித்தாள். சிவப்புக்கான வரிகள் அங்கே இல்லை.

நிரலில் நிபந்தனை இரண்டு வகை. ஒன்றைச் சிப் ஓடும்போது ஒவ்வொரு முறையும் பார்த்து வழி தேர்ந்துகொள்ளும். மற்றதை அசெம்பிளர் என்கிற மென்பொருள், நிரலைச் சிப்புக்கு ஏற்றவாறு மாற்றும்போது ஒரே ஒரு தடவை பார்க்கும். பொருந்தாவிட்டால் அந்த வரிகள் சிப்புக்குள் போகவே போகாது.

இங்கே இருந்தது இரண்டாவது வகை. முதன்முதலில் செய்து பார்த்த சின்னச் சிப்பில் இடம் போதாமல் ஒரு சொல்லை விட்டுவிட, அவளே பூஜ்யம் போட்டு வைத்தது; பூஜ்யம் என்றால் சொல் சேராது, ஒன்று என்றால் சேரும். வியாகுலம்மாளின் பெட்டியைச் செய்யும்போது அதை ஒன்றாக்க மறந்திருந்தாள்.

அந்த நிபந்தனையையே அழித்தாள். இனி எல்லாப் பெட்டியிலும் அந்தச் சொல் இருக்கும். பேசுவதா என்பதை அமுக்குகிறவர் முடிவு செய்வார்.

சிப்பில் புதிதாக ஏற்றிக்கொண்டு காருக்குப் போனாள். தப்பு தன்னுடையதுதான் என்று கபிரியேலிடம் சொல்லிவிட்டு, பெட்டியை வியாகுலம்மாளின் மடியில் வைத்தாள்.

அவர் சிவப்பை அமுக்கினார்.

"வேண்டாம்."

சரியாகிவிட்டது என்று கபிரியேல் சிரித்தான். அவர் மறுபடி அமுக்கினார். மறுபடியும். பக்கத்து சீட்டில் கட்டி வைத்திருந்த தன் துணிமூட்டையையே பார்த்துக்கொண்டு அமுக்கினார்.

அவன் சிரிப்பு நின்றது. மதுரையில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகச் சம்மதமா என்று நான்கு மாதமாகப் போனில் கேட்டிருக்கிறான். ஒருநாளும் பெட்டி மறுத்துக் கேட்டதில்லை; அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இன்று அங்கேதான் கூட்டிப்போகிறான்.

"அம்மா, நான் கேட்டப்பெல்லாம் நீ இதத்தான் அமுக்குனியா?"

"ஆமா," என்றது பெட்டி.

அவன் கார்க் கதவைத் திறந்தான். பிறகு குளச்சலுக்கே திருப்பும்படி டிரைவரிடம் சொல்லி, துணிமூட்டையை முன்சீட்டுக்கு மாற்றிவிட்டு, அம்மாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.