கிளவுஸ் டப்பாவில் பன்னிரண்டு சீட்டு

“இன்னாடி இது, கிளவுஸ் டப்பாவைத் தூக்கிக்கினு வர்ற?” என்றாள் பானு.

“இன்னிக்கு ஜர்னல் கிளப்பே இதுக்குள்ளதான் இருக்கு” என்றாள் புவனேஸ்வரி. காலையிலிருந்தே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய அந்த மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவ மேற்படிப்பில் இவர்கள் இருவரையும் சேர்த்துப் பதினோரு பேர். புதன்கிழமை இரண்டு மணிக்கு ஜர்னல் கிளப். ஒருவர் புதிய ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை எடுத்துச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். நடப்பது வேறு. சொல்பவர் திரையைப் பார்த்து அப்படியே வாசிப்பார். ஏ.சி. அறை, சாப்பிட்ட மயக்கம். முதலில் துறைத்தலைவர் டாக்டர் சுப்பராயனின் தலை சாயும். அவர் தூங்கும்போது மற்றவர்கள் விழித்திருந்தால் மரியாதையாகவா இருக்கும்? பஃப்ஸ் வரும் நேரத்துக்குச் சரியாக எல்லாரும் எழுந்து கை தட்டுவார்கள்.

“இந்தப் புதன்கிழமை நானே வந்து பார்ப்பேன். இப்படியே இருந்தா கிளப்பை மூடிட்டு எல்லாரும் ஓ.பி.க்குப் போங்க” என்று டீன் சொல்லிவிட்டார்.

இந்த மாதம் பொறுப்பு புவனேஸ்வரிக்கு. அவளுக்கு மனசே ஆறவில்லை. போன கோடையில் அதே அறையில் அரைத் தூக்கத்தில் காதில் விழுந்த ஒரு வரிதான், வார்டில் ஓர் உயிரைக் காப்பாற்ற அவளுக்குக் கைகொடுத்தது. முழுத் தூக்கத்தில் தவறவிட்ட வரிகள் எத்தனையோ.

அதனால் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டாள். யார் பேசுவது என்று முன்கூட்டிச் சொல்லப்படாது. கூட்டத்தில் சீட்டு எடுக்கப்படும். கட்டுரையை எல்லாரும் படித்துவிட்டு வர வேண்டும், யார் பெயர் வந்தாலும் எழுந்து பேச வேண்டும்.

“சுப்பராயன் சார் பேரும் போட்டுக்கிறியா?” என்று கேட்டான் உடன் படிக்கும் ஜெரால்ட்.

“போட்டிருக்கேன். அவர்கிட்டயே சொல்லிட்டேன்.”

“இன்னா சொன்னாரு?”

“சிரிச்சாரு. பன்னெண்டுல ஒண்ணுதானேன்னாரு.”

“அவருக்கு இன்னா, சிரிப்பாரு. நான் மூணு தபா படிச்சுட்டு நாலாவது தபா பார்த்துக்கினு இருக்கேன்” என்றாள் பானு. “நீ படிச்சியா?”

“எனக்கு எங்கடி நேரம்? புரொஜக்டர், ஜெராக்ஸ், பஃப்ஸ், சீட்டு எழுதுறது எல்லாம் நான்தானே?”

“உன் பேரு வந்துச்சுனா பேஜாருடி.”

புவனேஸ்வரி சிரித்துக்கொண்டே டப்பாவைக் குலுக்கினாள்.

இரண்டு மணிக்கு அறை நிறைந்திருந்தது. யார் கண்ணிலும் தூக்கமில்லை. கடைசி வரிசையில் டீன். முன்வரிசையில் சுப்பராயன், சட்டைப் பையில் நாலாக மடித்த ஜெராக்ஸுடன்.

“சார், நீங்களே எடுங்க” என்று டப்பாவை நீட்டினாள் புவனேஸ்வரி.

அவர் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார். சுப்பராயன் சீட்டை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“புவனேஸ்வரி” என்றார்.

“சார்?”

“உன் பேர்தான். வந்து பேசு.”

“என் பேரா சார்?”

“ஏம்மா, நீ எழுதின சீட்டுதானே? சந்தேகமா?”

அவள் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு முன்னால் போய் நின்றாள். ஹீட் ஸ்ட்ரோக் வந்தவரை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது நல்லதா, ஈரத்துணி போட்டு விசிறுவது நல்லதா என்பது கட்டுரை. தலைப்பை இரண்டு தடவை வாசித்தாள். அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

“மன்னிச்சிடுங்க சார். நான் படிக்கல.”

டீன் பேனாவைத் திறந்தார். எல்லாம் முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

“நான் சொல்றேன் சார்” என்று பானு எழுந்தாள். “தொட்டிதான் சீக்கிரம் சூட்டை இறக்குது. அறுபது பேருக்குப் பண்ணிப் பார்த்துக்கிறாங்க.”

“அந்த அறுபது பேரும் பட்டாளத்துப் பசங்க” என்று ஜெரால்ட் குறுக்கே வந்தான். “எங்க நைனா ரோலிங் மில்லுல ஃபர்னஸ் முன்னாடி நிக்கிறாரு. ஐம்பத்திமூணு வயசு, பி.பி. மாத்திரை வேற. அவருக்கு இது ஒத்துக்குமா?”

“அதுக்குன்னு சூட்டோட வுட்டுடுவியா?”

“மில்லுல தொட்டிக்கு எங்க போறது?”

“தார்ப்பாய் போதும். நாலு பேரு முனையைப் பிடிச்சுக்கினா அதுவே தொட்டி.”

“ஐஸு?”

“பழவேற்காட்டு மீன் வண்டி டெய்லி அந்த ரோட்டுலதானே போவுது?”

அறை சிரித்தது. பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் புள்ளிவிவரத்தைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் பக்கவிளைவைப் பிடித்துக்கொண்டார். சுப்பராயன் ஜெராக்ஸைப் பிரித்து, அவர்கள் சொல்லச் சொல்ல அடிக்கோடு போட்டார். பஃப்ஸ் ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. மூன்றரை மணிக்கு டீன்தான் கைதட்டி நிறுத்தினார்.

“கிளப் தொடரட்டும்” என்றார். “அந்தத் தார்ப்பாய் விஷயத்தை மில்லுக்கும் போய்ச் சொல்லுங்க.”

புவனேஸ்வரிக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

எல்லாரும் போனபின் சுப்பராயன் அவளிடம் வந்தார். “அடுத்த வாரமும் சீட்டுதான். ஆனா நாம ரெண்டு பேரும் படிச்சுட்டு வருவோம்” என்று பையிலிருந்த சீட்டை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

புவனேஸ்வரி அதைப் பிரித்தாள். டப்பாவில் மிச்சமிருந்த பதினோரு சீட்டுகளிலும் அவள் எழுதியிருந்த அதே பெயர்தான் அதிலும் இருந்தது: டாக்டர் சுப்பராயன்.