ஐஸ் அறுத்து வைத்த வீடு

குவிந்த செங்கல் கூரையையும் குனிந்து நுழைய வைக்கிற வாசலையும் கண்டதும், சின்னக் கோயில் என்றே நினைத்து எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

கோயில் இல்லை, மாளிகைக்காரர் அந்தக் காலத்தில் ஐஸ் வைத்த வீடு என்று வழிகாட்டிப் பெண் செலீன் சிரிக்காமல் சொன்னாள். அதற்குப் பிறகும் ஒருவரும் செருப்பைத் தேடவில்லை. ஜூலை வெயிலில் வெந்த பாதங்களுக்கு அந்தத் தரை அவ்வளவு சுகம்.

நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து மாதா கோயில் சனம் பஸ் பிடித்து, மொன்றியால் தீவின் மேற்குக் கோடியில் இருந்த பழைய பண்ணை மாளிகை ஒன்றைப் பார்க்க வந்திருந்தது.

றோசலின் கட்டடத்தைப் பார்க்கவில்லை. தன் கணவர் கிறகரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியிலிருந்து அந்த மனுசன் வாயில் ‘ஓம்’, ‘இல்ல’ தவிர வேறு சொல் இல்லை. ஒரு முழு வசனம் வந்தால் போதும் என்றுதான் இழுத்து வந்திருந்தாள்.

கிறகரி சுவரில் உள்ளங்கையை வைத்தார். வட்டம் வட்டமாகச் சுருங்கி ஏறி, உச்சியில் ஒரே கல்லில் போய் முடிகிற வரிசைகளை அண்ணாந்து பார்த்தார்.

“ஒரு மரமும் முட்டுக் குடுக்காம, வெறும் கல்லாலயே மூடியிருக்கான் பாரு.”

றோசலின் காத்திருந்த முழு வசனம் வந்துவிட்டது.

பஸ்ஸில் கூட வந்த பிலோமினம்மா அவள் காதுக்குள் வந்தாள். “ஐஸ் வீட்டுக்குள்ள வந்துதான் உன்ர மனுசனுக்கு நாக்கு உருகியிருக்கு, புள்ள.”

பாருங்களேன், அதன் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு செலீனைக் கேட்டுக்கொண்டே போனார். சுவர் ஏன் இரட்டைச் சுவர்? இடையில் மரத்தூளா? இலையுதிர் காலம் வரைக்கும் கரையாதா? ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டி ஆட்டி வியந்தார்.

ஐஸ் எங்கிருந்து வந்தது?

“ஆற்றிலிருந்து” என்றாள் செலீன். உறைந்த பிறகு மரம் அறுக்கிற மாதிரிப் பல்லு வாளால் அறுத்து, குதிரை பூட்டி இழுத்து வருவார்களாம்.

ஆறு என்றதும் றோசலின் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். கிறகரியோ விடவில்லை.

குதிரையும் ஆட்களுமாக இறங்கினால் அந்த ஐஸ் தாங்குமா?

முதலில் ஒருவன் மட்டும் போய், துளை போட்டு, எவ்வளவு தடிப்பு என்று பார்ப்பான். அவன் கையைக் காட்டும்வரை வேறு ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள் என்று செலீன் விளக்கினாள்.

கிறகரியின் கை சுவரிலிருந்து மெல்ல வழுகிக் கீழே வந்தது.

“சஞ்சீவன் இறங்கக்குள்ள நாம துளைச்சுப் பார்க்கல்லயே, றோசலின். வெள்ளையாக் கிடந்ததைத் தரையெண்டுதானே நினைச்சம்.”

ஐஸ் உடைந்து விழுந்த மகனை ஆற்றிலிருந்து பிணமாக எடுத்த நாளுக்குப் பிறகு, அந்தப் பெயரை அவர் வாயால் சொன்னது அப்போதுதான்.

வெளியே போவோமா என்று செலீன் அவர் முகத்தைக் கண்டு பதறிப்போய்க் கேட்டாள். வேண்டாம் என்று றோசலின் தலையாட்டினாள். அவரைக் கைபிடித்து இருத்தி, பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“நிப்பாட்டாம கதையுங்க” என்றாள்.