மூக்கைப் பொத்திய அதிகாரி

ரயில் பெட்டிக்குள் கால் வைத்ததுமே அந்த ரயில்வே பெண் அதிகாரி கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் தலையை விட்டுச் சம்பாதிக்கிறவர் அவர். சம்பாதித்ததில் பாதியைப் பழைய ரயில் சங்கத்தில் கொட்டி, அதற்குச் செயலாளராகவும் ஆகி, துருப்பிடித்துக் கிடந்த பெட்டிகளைத் தேக்குப் பலகையும் பித்தளைக் கைப்பிடியுமாக மினுக்கி வைத்திருந்தார். அதற்குள் வந்து ஒருத்தி மூக்கைப் பொத்துவதா?

"வாசனைத் தண்ணி தெளிச்சிருக்கோம் மேடம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அதான் குமட்டுது."

சங்கத்தின் நீராவி வண்டி இத்தனை வருஷமாகத் தன் சொந்தத் துண்டுப் பாதையில்தான் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. இப்போதுதான் மெயின் லைனில் ஓட வாய்ப்பு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கு டிக்கெட் அத்தனையும் தீர்ந்துவிட்டது. இந்த அதிகாரி தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அவரோ இன்ஜின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அதை எங்க ஆளுங்க நேத்தே பார்த்துட்டாங்க, நல்லா இருக்காம். கக்கூஸ் எங்க இருக்கு?"

கரி பூசிய முகத்தோடு இன்ஜினில் நின்றிருந்த டாக்டரின் மைத்துனனுக்கு முகம் தொங்கிவிட்டது. "விடியறதுக்கு முன்னாடி வந்து நெருப்பு மூட்டியிருக்கேன். வந்ததும் வராததுமா கக்கூஸைக் கேக்குறாங்களே, மாமா!"

"பெரிய இடமா இருக்கும்டா" என்று டாக்டர் முணுமுணுத்தார். "அழுக்குன்னா எந்தக் கடையில விக்கும்னு கேக்குற ஜாதி."

பெட்டியைச் சுற்றிப் பார்க்க எல்லாரும் கீழே இறங்கினார்கள். அந்த நேரம் பக்கத்து மெயின் லைனில் ஒரு விரைவு வண்டி ஊதிக்கொண்டு வந்தது. எத்தனை வயதானாலும் ரயிலைக் கண்டால் கை தானாக உயர்ந்துவிடும் டாக்டருக்கு. வாயெல்லாம் பல்லாகக் கையாட்டினார்.

அதிகாரி சட்டென்று வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கழுத்துத் துணியை உருவித் தலையோடு முகத்தையும் மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு, கடைசிப் பெட்டி போய் முடியும்வரை அப்படியே நின்றார்.

டாக்டருக்கு அருவருப்பாக இருந்தது. ரயிலில் உத்தியோகம், ரயில் சம்பளம், ஆனால் ரயில் காற்று மட்டும் மேலே படக் கூடாது! இந்த மாதிரி மனுஷர்கள் கையில் போய் அனுமதி மாட்டிக்கொண்டதே என்று நினைக்க நினைக்க அவருக்கு எச்சில் கசந்தது.

அதிகாரி துணியை இறக்கிவிட்டுக் குனிந்து, பெட்டியின் அடியில் எட்டிப்பார்த்தார். "இந்தக் கக்கூஸ் குழாய் நேரா கீழதான் விடுதா?"

"ஆமா மேடம். அப்படியே பழசு. ஒரு ஆணியைக்கூட மாத்தலை" என்றார் டாக்டர், நெஞ்சை நிமிர்த்தி.

"ஒரு வாளித் தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

மைத்துனன் உள்ளே போய் ஊற்றினான். குழாயிலிருந்து கொட்டிய தண்ணீர் தண்டவாளக் கட்டையில் மோதிச் சிதறி, டாக்டரின் காற்சட்டை முழுக்கத் தெறித்தது. "சீச்சீ!" என்று அவர் துள்ளிக் குதித்தார்.

"குழாய்த் தண்ணிதானே சார்?"

"அது... இருந்தாலும்..." என்று இழுத்தவர், புல்லைப் பிடுங்கிக் காற்சட்டையைத் தேய் தேய் என்று தேய்த்தார்.

"நிக்கும்போதே இப்படித் தெறிக்குது. வேகமா ஓடும்போது கேக்கவே வேணாம். கீழ தொட்டி கட்டிடுங்க சார். கட்டினதும் சொல்லுங்க, நானே வந்து அனுப்பி வெக்கிறேன். அதுவரைக்கும் இந்த வண்டி மெயின் லைனுக்கு வராது."

டாக்டருக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. "ஞாயித்துக்கிழமை வண்டி மேடம்! ஜனங்க பழைய காலத்தைப் பாக்கத்தான் வராங்க. அடியில தொட்டி தொங்கினா வண்டியோட அழகே போயிடுமே!"

அதிகாரி ஈரமாகிக் கிடந்த ஜல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது டாக்டருக்குத் துணிச்சல் கொடுத்தது. "வண்டிக்குள்ள ஒரு துளி நாத்தம் வராது, அதுக்கு நான் பொறுப்பு. வெளிய தெறிச்சா தெறிச்சிட்டுப் போகுது. வெட்டவெளி, பொட்டக்காடு. காக்கா குருவியைத் தவிர அங்க யாரு இருக்கா?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவர் வாயில் வந்துவிட்டது.

"தப்பா நினைச்சாலும் பரவாயில்ல மேடம். எதைப் பாத்தாலும் மூக்கைப் பொத்துறவங்களுக்கு இதெல்லாம் புரியாது. எங்க தாத்தா காலத்துலேருந்து வண்டி இப்படித்தான் ஓடுச்சு. இதைப் பத்தி எவராவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்களா?"

அதிகாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"தண்டவாளத்துல கல்லு அள்ளிப் போட்டுட்டு வந்து, தினம் தலைக்கு ஊத்திக்கும்போதெல்லாம் எங்கம்மா சொன்னாங்க சார்."