காருக்கு மசியாத கேட்டு

"பால்சாமி, நாளையிலேருந்து நீ வர வேண்டாம்யா. இனி காரே கேட்டைத் திறந்துக்கிரும்."

சொல்லிவிட்டு, அதே மூச்சில், "இந்தா, இந்த மோட்டார் பெட்டிகிட்ட நில்லு. எலக்ட்ரீசியன் சொல்றப்ப பட்டனை அமுக்கு" என்றார் ஜெபக்குமார்.

தன் வேலைக்குத் தானே வேட்டு வைக்க வேண்டும். பால்சாமி போய் நின்றார். பரளச்சியில் அவருடைய ரெண்டு குறுக்கம் நிலத்தில் மூணு வருஷமாகக் கருவேலம்தான் மகசூல். இந்த வாட்ச்மேன் வேலைதான் சோறு போட்டது.

1998-இல் திருச்சுழிப் பக்கம் மோட்டார் வைத்த கேட்டு அது ஒன்றுதான். வந்து இறங்கிய அன்றைக்கு நரிக்குடி பஸ்ஸே கால்மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது. கேட்டோடு வந்த ரிமோட்டை மறுநாளே கார்ச் சக்கரம் நசுக்கிவிட்டது. நல்லவேளை, கப்பலில் வந்த காரில் உள்கண்ணாடிக்குப் பக்கத்திலேயே அதற்கு ஒரு பட்டன் இருந்தது.

அருப்புக்கோட்டை எலக்ட்ரீசியன் இன்பராஜ் விளக்கினான்.

"பெட்டியில அமுக்கினதும் அரை நிமிஷத்துக்குள்ள கார்ல விடாம அமுக்கணும். கேட்டு காரைப் பழகிக்கிரும். பொண்ணு பார்க்குற மாதிரிதான்."

"எலிசபெத்து, நீ கார்ல உட்காரு. நான் இவன் கையைப் பார்த்துக்கிறேன்" என்றார் ஜெபக்குமார் மனைவியிடம்.

பால்சாமி அமுக்கினார்.

"நானும் அமுக்கிட்டேன்" என்றாள் எலிசபெத், காருக்குள்ளிருந்து.

கேட்டு அசையவில்லை. ரெண்டாம் தடவையும் இல்லை. மூணாம் தடவையும் இல்லை.

"ஏய்யா, விரலைச் சும்மா வச்சுக்கிட்டு நிக்கிறியா? வேலை போயிரும்னு நடிப்பா?"

"குலசாமி மேல ஆணையா அமுக்குறேன்யா. நகமே பேந்துரும் போலருக்கு."

"தள்ளு அங்கிட்டு!"

ஜெபக்குமாரே அமுக்கினார். ம்ஹூம். இப்போது இன்பராஜுக்கு விழுந்தது.

"நீயெல்லாம் எலக்ட்ரீசியனா? டார்ச் லைட்டுக்குப் பேட்டரி மாத்தக்கூட ஒன்னைக் கூப்பிட மாட்டேன்."

"ஏங்க, இன்னும் எத்தனை தடவை? எனக்கு விரலே ஓஞ்சு போச்சு" என்று காரிலிருந்து குரல் வந்தது.

இன்பராஜ் கையை விரித்தான். "இந்தக் காருக்கும் இந்தக் கேட்டுக்கும் ஒத்து வரலை சார்."

"என்னமோ போ! பால்சாமி, நாளைக்கும் வந்து தொலை."

ஜெபக்குமார் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கேட்டைக் கையால் தள்ளிச் சாத்தப் போனார்.

இன்பராஜ் சாமான்களைப் பைக்குள் போட்டுவிட்டு, கார் ஜன்னலில் குனிந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, நீங்க அமுக்குறப்ப பட்டன்கிட்டச் சின்னதா ஒரு லைட்டு மினுக்குச்சா?"

எலிசபெத் வீட்டு வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அமுக்கினாத்தான தம்பி மினுக்கும்?"