விரலைத் தூக்கிய வித்வான்

மிருதங்க வித்வான் சுந்தரராமன் மறுபடியும் ஒற்றை விரலை மேலே தூக்கினார். வால்யூமை ஏற்று என்று அர்த்தம்.

மும்பை செம்பூர் சபாவின் பின்வரிசையில் இருந்த வந்தனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அநியாயம் சார்! பத்மஜா இப்பத்தான் வீணைல ராகம் ஆரம்பிச்சிருக்கா. இவர் மிருதங்கத்தை இன்னும் ஒரு தட்டுகூடத் தட்டலை. அதுக்குள்ள வால்யூமா?"

சபா செயலாளர் பஞ்சாபகேசன் நெளிந்தார். "பெரிய வித்வான்மா. அவர்கிட்டப் போய் என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாதீங்கோ. வீணை கேக்கலைன்னு அடுத்த வருஷம் இவளை மட்டும் கழட்டி விடுங்கோ!"

"கேக்கலைன்னா எப்படிம்மா கூப்பிடறது?"

பத்மஜா வந்தனாவின் உயிர்த்தோழி. இந்த மேடைக்காக எத்தனை பேரிடம் நடையாய் நடந்தவள். வீணைக் குடத்தில் ஒட்டிய சின்ன மைக்கை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை.

விரல் மறுபடி எழுந்தது.

"ஒரு பொண்ணு நடுவுல உட்கார்ந்தா இவாளுக்குப் பொறுக்காதே!"

விறுவிறுவென்று சவுண்ட் மிக்ஸர் மேஜைக்குப் போனாள். அங்கே அவள் காலேஜ் சிநேகிதன் ஷ்ரவண். வாரநாளில் ஐரோலியில் சாப்ட்வேர், ஞாயிற்றுக்கிழமை இங்கே சவுண்ட்.

"அவர் விரலைத் தூக்கினா ஏத்தாதே."

"நகரு வந்தனா, மேடை தெரியலை."

"தெரிய வேண்டாம். அதுக்குத்தான் நிக்கறேன்."

"அரே, சொல்றதைக் கேளு..."

"என்ன கேக்கணும்? சீனியர்னா என்ன வேணா பண்ணலாமா? உனக்கும் பயமா?"

இடுப்பில் கைவைத்து, மேடையை மறைத்து நின்றாள்.

வீணை கீழ்ஸ்தாயிக்கு இறங்கியது. ஒரு முணுமுணுப்பு; பிறகு அதுவும் இல்லை. முன்வரிசையில் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். கமிட்டி மெம்பர் ஒருவர் எழுந்து கேன்டீன் பக்கம் போனார்.

"பாத்தியா? அவருக்கு ஏத்தி ஏத்தி வீணையே காணாமப் போயிடுத்து!"

ஷ்ரவண் தலையில் அடித்துக்கொண்டான்.

"தன் மிருதங்க மைக்கை அவர் ஆரம்பத்துலயே அணைக்கச் சொல்லிட்டார். பத்மஜாவுக்கு ரெண்டு கையும் வீணைல, சைகை காட்ட முடியாது. வால்யூமை ஒரேயடியா ஏத்தி வச்சா ஸ்பீக்கர் விசிலடிக்கும். எனக்கோ சங்கீதம் தெரியாது. அதான் அவ கீழ இறங்கறச்சே எல்லாம் அவளுக்காக அவர் விரலைக் காட்டறார். இப்ப அந்த வீணையை அமுக்கறது நீ ஒருத்திதான். நகரு!"