ஊசி தூக்காத காந்தம்

கம்பி சுற்றிய ஆணியைக் குண்டூசிக் குவியலின் மேல் கொண்டுபோனாள். ஒரு ஊசிகூட அசையவில்லை.

வகுப்பு சிரிப்பை அடக்கிக்கொண்டது. ஆணியைப் பிடித்திருந்தவள் ஹெட்மாஸ்டர் மகள் ஆயிற்றே. பட்டப்பெயரே சின்ன ஹெச்.எம்.

பள்ளிகளுக்கு இடையிலான அறிவியல் போட்டிக்கு ஒரே ஒருவரைத்தான் அனுப்ப முடியும். இரும்பாணியில் செம்புக் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் இணைத்து, மின்காந்தம் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார் அறிவியல் டீச்சர். பெரியவர்கள் கை படக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

அடுத்து வந்தவளை வகுப்பில் 'காயில்' என்பார்கள். அவள் அப்பா எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். போட்டியில் ஜெயித்தால் பெரிய பள்ளியில் இடம், ஹாஸ்டல், எல்லாம் இலவசம். ஜெயிக்காவிட்டால் இந்த வருஷத்தோடு படிப்பு போதும், கடைக்கு வந்து உட்கார் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. வகுப்பில் அது தெரியாதவர்கள் இல்லை.

ஸ்விட்சைப் போட்டாள். ஊசிகள் கொத்தாகப் போய் ஆணியில் ஒட்டிக்கொண்டன. அணைத்தாள். பொலபொலவென்று உதிர்ந்தன.

டீச்சர் அந்த ஆணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கம்பிச் சுற்று ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல இருந்தது.

"இது உங்கப்பா கைவேலை."

"நான்தான் மிஸ் சுத்துனேன்."

"இவ்வளவு நெருக்கமாவா? கடைச் சரக்கு மாதிரியில்ல இருக்கு."

சந்தேகம் என்றால் இங்கேயே சுற்றச் சொல்லிப் பாருங்களேன் என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். அதற்கெல்லாம் நேரமில்லை, மணி அடித்துவிடும் என்றார் டீச்சர். காயில் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிறகு டீச்சர் சின்ன ஹெச்.எம்.மின் ஆணியைத் தூக்கிக் காட்டினார். செம்புக் கம்பியின் மேல் வார்னிஷ் பூசியிருக்கும். இரண்டு முனையிலும் அதைச் சுரண்டி எடுத்தால்தான் கரண்ட் போகும், கரண்ட் போனால்தான் ஆணி காந்தமாகும். இவளோ சுரண்டவே இல்லை. பெரியவர்கள் யாராவது தொட்டிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்குமா என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"தெரிஞ்சதைத் தெரிஞ்ச மாதிரி செஞ்சு கொண்டுவந்திருக்கா. இந்த நேர்மைக்குத்தான் மார்க். போட்டிக்கு இவதான் போறா. முனையை அதுக்குள்ள சுரண்டிக்கலாம்."

யாரும் கை தட்டவில்லை.

டீச்சர் குரலைத் தணித்துக்கொண்டார். "அப்பாகிட்ட சொல்லிடும்மா, மிஸ்தான் செலக்ட் பண்ணாங்கன்னு."

சின்ன ஹெச்.எம். தலையை ஆட்டவில்லை.

"சுரண்டணும்னு எனக்குத் தெரியும் மிஸ்."

"பின்ன ஏன் விட்டே?"

அவள் ஒரு தடவை காயிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னோடது வேலை செஞ்சா என்னைத்தான் அனுப்புவீங்கன்னு விட்டுட்டேன். வேலை செய்யாட்டியும் என்னைத்தான் அனுப்புவீங்கன்னு தெரியாமப் போச்சு."